அக்காவின் கால் பத்திரிகை

ஜனவரி 9, வியாழன்

மார்ச் இதழின் புரூஃப் வந்துவிட்டது. காலையிலிருந்து அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் ‘வலது கால்’ என்று இருக்கிறது. படத்தில் இருப்பது இடது கால். அறுவை சிகிச்சை செய்தபோது அந்த மருத்துவருக்கு இந்தக் குழப்பம் இருந்திருக்காது என்று நம்புகிறேன்.

சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களைப் பற்றி மட்டுமே பேசுகிற மருத்துவ இதழ். அக்கா தொடங்கியது, அவளே முதன்மை ஆசிரியர். நான் மருத்துவக் கல்லூரி நூலக வேலையை விட்டபிறகு நிர்வாக ஆசிரியர். கீழ்வீட்டு முன்னறைதான் அலுவலகம். மாடியில் அக்காவும் அத்தானும், கீழே ஒண்டிக்கட்டையான நானும், ஒரு பிரிண்டரும். “கால் பற்றிய இதழ், கால் ஆண்டுக்கு ஒரு தடவை வருது” என்று அத்தான் சொல்லிக் கேட்காமல் இந்த வீட்டிலிருந்து தப்பித்துப்போன விருந்தாளி கிடையாது.

அக்கா கிளினிக்குக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள்.

“குட்டி, என் கட்டுரை எந்தப் பக்கத்துல வருது?”

“எந்தக் கட்டுரைக்கா? மூணு இருக்கு.”

“மூணா? ரெண்டுன்னுல்ல நினைச்சேன்” என்றாள். சந்தோஷமாகப் போனாள்.

எனக்கு ஐம்பத்தைந்து வயது. இன்னமும் குட்டி.

ஜனவரி 21, செவ்வாய்

நல்ல கட்டுரை ஒன்று கையை விட்டுப் போயிற்று. எழுதியவர் ஓர் இளம் மருத்துவர். சுத்தமான ஆய்வு, வளவளப்பு இல்லாத எழுத்து. இன்று போன் செய்து திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க பத்திரிகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா தரவுத்தளத்துல இருக்கற பத்திரிகையில வந்தாதான் எங்க காலேஜ்ல கணக்குல எடுத்துப்பாங்க.”

நான் எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வேன்? வாழ்நாளில் பாதியை நூலகத்தில் கழித்தவள். உலகத்து மருத்துவர்கள் ஒரு நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தப் பெரிய தரவுத்தளத்தில்தான் தேடுகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் ஒவ்வொரு கட்டுரையையும் படித்து, இது எதைப் பற்றியது என்று பொருள் தலைப்புகள் கொடுத்து அடுக்கி வைக்கிறார்கள். தேடினால் கிடைப்பது அதனால்தான். அதில் சேராத பத்திரிகையில் எழுதுவது கிணற்றில் போட்ட கல். கல் அங்கேதான் இருக்கும், யாருக்குத் தெரியும்?

போன வருஷம் விண்ணப்பித்தோம். இன்னும் பதில் இல்லை. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. “நம்மளச் சேக்காம யாரைச் சேக்கப் போறாங்க?” என்கிறாள்.

பிப்ரவரி 6, வியாழன்

பதில் வந்துவிட்டது. இல்லை என்கிறார்கள். அக்கா கிளினிக்கில் இருக்கிறாள். சொல்லவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்னும் சொல்லவில்லை.

பதிலைப் பலமுறை படித்துவிட்டேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டம். படங்கள் தெளிவாக இருக்கின்றன, விஷயம் முக்கியமானது, இப்படி ஒரு இதழ் தேவை — எல்லாம் சொல்கிறார்கள். பிறகு குறைகள். கட்டுரை எப்போது வந்தது, எப்போது ஏற்கப்பட்டது என்ற தேதிகள் இல்லை. சரி, அது ஒரு மத்தியான வேலை. அடுத்ததுதான் பெரிய குறை. கடந்த இரண்டு வருஷத்தில் வந்தவற்றில் ஏறக்குறையப் பாதியை எழுதியவர் முதன்மை ஆசிரியர், அல்லது அவருடைய மருத்துவமனைக்காரர்கள். ஆசிரியரின் கட்டுரைகளை மதிப்பிட்டது யார் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இவற்றைச் சரிசெய்து அடுத்த இதழ்கள் இரண்டை அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம்.

ஆசிரியரின் கட்டுரைகளை மதிப்பிட்டது யார்? ஆசிரியர்தான். வேறு யாருக்குத் தைரியம்?

சாயங்காலம் அத்தானைப் பிடித்தேன். தோட்டக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“நீங்க சொல்லிடறீங்களா அத்தான்?”

குழாயை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. “முப்பத்தஞ்சு வருஷமா அவ சொல்லுவா, நான் கேப்பேன். இப்பப் போயி முறைய மாத்தினா ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஆகாது.”

பிப்ரவரி 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல நினைத்திருந்தேன். தேதிகளில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல — ஆனால் அக்கா நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவள். என் முகத்தைப் பார்த்ததுமே, “எங்க வலிக்குது, நேரா சொல்லு” என்றாள். நேராகச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“என் பத்திரிகையில நான் எழுதக் கூடாதா?”

“எழுதலாம்க்கா. ஆனா வேற யாராவது பாக்கணும். அப்புறம், இவ்வளவு வேணாம்.”

“இவ்வளவுன்னா?”

“பாதி.”

“அப்ப யாரும் எழுத வராத காலத்துல பக்கத்த யாரு நிரப்பினது? நீயா? உனக்கு இது அப்பவே தெரியுமில்ல? நூலகத்துல இருந்தவதானே. எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா? இப்ப அவங்க சொன்னதும் அவங்க கட்சிக்குப் போயிட்ட. கூட இருந்தே கால வாரி விட்டுட்ட.”

போய்விட்டாள். மாடிப்படியில் அவள் ஏறுகிற சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும், ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து ஏறுவாள், நோயாளிகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். இன்று முன்பாதத்தை மட்டும் வைத்து ஏறினாள்.

நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? அவங்க எழுதினதத்தானே சொன்னேன். நான் சொல்லலைன்னா வேற யாரு சொல்றது? எனக்கு மட்டும் அவ கட்டுரைய வேண்டாம்னு சொல்ல ஆசையா? எனக்குத்தான் எப்பவும் இந்த வேலை வந்து சேருது.

பிப்ரவரி 12, புதன்

அத்தான் இப்போது தூதர். காலையில் வந்தார். “பிரிண்டர் பேப்பர் தீந்திடுச்சான்னு கேக்கச் சொன்னா.” தீரவில்லை என்றேன். மாடிக்குப் போனார். திரும்பி வந்தார். “தீந்தா சொல்லச் சொன்னா.” மத்தியானம் மறுபடி வந்தார். “என் முழங்காலப் பத்தி உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது அக்கறை இருக்கா?” என்று கேட்டார். அது அவருடைய சொந்தக் கேள்வி.

பிப்ரவரி 16, ஞாயிறு

மழை. பத்து மணி இருக்கும். அக்கா இறங்கி வந்தாள். முழுப் பாதம் வைத்து. கையில் போன இரண்டு வருஷத்து இதழ்கள். என்னெதிரே உட்கார்ந்து அதிலொன்றை விரித்தாள்.

“குட்டி, இதைப் பாரு. ஆசிரியர் உரை — நான். முதல் கட்டுரை — நான். இந்த ஆய்வு எங்க கிளினிக். கடைசியில புத்தக மதிப்புரை — நான்.”

“தெரியும்க்கா.”

“அந்தப் புத்தகத்துல ஏழாவது அத்தியாயம் எழுதினது யாரு தெரியுமா?”

எனக்குத் தெரியும். ஆனாலும் “யாரு?” என்றேன்.

“நான்தான்” என்றாள். “ஏழாவது அத்தியாயம் மிகச் சிறப்பா இருக்குன்னு வேற எழுதியிருக்கேன்.”

முதலில் அவள்தான் சிரித்தாள். அப்புறம் நான். நிறுத்தவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் அடங்கினால் இன்னொருவர் ‘மிகச் சிறப்பா’ என்று ஆரம்பித்து — சத்தம் கேட்டு, அழுகிறோம் என்று நினைத்து, அத்தான் ஒரு கையில் டவலும் இன்னொரு கையில் முழங்காலுமாக இறங்கி வந்துவிட்டார்.

அவர் போனபிறகு சொன்னாள். “வீட்டுச் செருப்பு கட்டுரை எழுதிட்டிருக்கேன்ல, அத ஊர் பேர் தெரியாதவ அனுப்பற மாதிரி அனுப்பறேன். பேர எடுத்துட்டு வெளியாள் யாருக்காவது குடு. எனக்கு யாருன்னு தெரிய வேண்டாம், அவங்களுக்கும் நான்னு தெரிய வேண்டாம்.”

“திருப்பி அனுப்பிட்டா?”

“அனுப்பட்டும். நான் எத்தனை பேருக்குத் திருப்பி அனுப்பியிருக்கேன். அதுல யாராவது செத்துப் போயிட்டாங்களா?”

மார்ச் 5, புதன்

அக்காவின் கட்டுரையிலிருந்து அக்காவை எடுப்பது லேசான வேலை இல்லை. பெயரை அழித்தால் போதும் என்று நினைத்தேன். ‘எனது முந்தைய கட்டுரையில் விளக்கியபடி’ என்பது எட்டிப் பார்க்கிறது. ‘நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதுபோல’ என்பது அடுத்த பத்தியில் காத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். களை எடுத்த தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. பயிர் இவ்வளவுதானா என்று முதலில் திகைப்பு. அப்புறம் படித்துப் பார்த்தால், நல்ல பயிர்.

விஷயம் இதுதான். புண் ஆறியவர்களுக்குக் கிளினிக்கில் பிரத்தியேகமாகக் காலணி செய்து கொடுக்கிறார்கள். தெருவில் எல்லாரும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் கழற்றி விடுகிறார்கள். நாளில் முக்கால்வாசி நடப்பது வீட்டுக்குள்தான். அங்கே வெறுங்கால். அதனால் புண் திரும்பி வருகிறது. வீட்டுக்குள் போட மெல்லிய செருப்பு தனியாகச் செய்து கொடுத்தால் என்ன ஆகிறது என்று அக்கா பார்த்திருக்கிறாள்.

வெளியூரில் பிசியோதெரபி பேராசிரியராக இருக்கிற எங்கள் துணை ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கறார். ஒரு காற்புள்ளிக்காக மொத்த இதழையும் நிறுத்தி வைத்த மனிதர். யாருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பினார் என்று என்னிடம்கூடச் சொல்ல மாட்டாராம். “உங்க கிட்ட சொன்னா உங்க முகம் சொல்லிடும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மதிப்பீடுகள் வந்துவிட்டன. முதலாமவர் மூன்றே வரி. நன்று, பிரசுரிக்கலாம், வாழ்த்துகள். இரண்டாமவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

அக்கா நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். செருப்பு தரப்படாதவர்களோடு ஒப்பிடாமல் செருப்பால்தான் புண் திரும்பி வரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நடுவில் வராமல் போன நோயாளிகள் என்ன ஆனார்கள்? இப்படியே போய், கடைசியில்: “கட்டுரையாளர் தம் நோயாளிகளை மிகுந்த அக்கறையோடு கவனித்திருக்கிறார். நூலகத்தைத்தான் கவனிக்கவில்லை. இதே கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?”

முடிவு: இப்படியே ஏற்க இயலாது, திருத்தி அனுப்பலாம்.

“யாரு இவன்?” என்றாள் அக்கா.

“அவளாக்கூட இருக்கலாம்.”

“இல்ல, இவன்தான். ஒரு பொம்பளை இவ்வளவு நீட்டி எழுத மாட்டா.”

இதைச் சொன்னவள் ஆசிரியர் உரையை மட்டும் எட்டுப் பக்கம் எழுதுகிறவள். நூலகத்தைப் பற்றிய அந்த வரியை, சொல்லக் கூடாது, மனசுக்குள் இன்னொரு தடவை படித்துக்கொண்டேன்.

மே 17, சனி

மாநாட்டிலிருந்து அக்கா திரும்பிவிட்டாள். பாதப் புண் மருத்துவர்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இரண்டு நாள். அவளுக்குச் சொற்பொழிவுகள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. இரண்டாவது மதிப்பீட்டாளர் யார் என்று உளவு பார்த்திருக்கிறாள். மூன்று பேர் மேல் சந்தேகம்.

ஒருவரிடம் நேராகப் போய், “நீங்க நூலகத்துக்கு அடிக்கடி போவீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் பாவம், “எங்க ஆஸ்பத்திரியில நூலகமே கிடையாதே மேடம்” என்றாராம். அவரை விட்டுவிட்டாள். இரண்டாமவர் இவளைப் பார்த்ததும் எழுந்து காபி எடுக்கப் போனார். அது குற்றவாளியின் நடை என்கிறாள். மூன்றாமவர் இவளைக் கட்டிப்பிடித்து, பேரக்குழந்தை படத்தைக் காட்டினார். அது நடிப்பு என்கிறாள்.

“கறாரையே கேட்டுப் பாத்தேன். ‘பதில் எழுத ஆரம்பிச்சுட்டீங்களா?’ன்னு திருப்பிக் கேக்கறார்.”

“ஆரம்பிச்சுட்டியா?”

பெட்டியைத் திறந்து அழுக்குத் துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 3, செவ்வாய்

ஜூன் இதழ் வெளிவந்துவிட்டது. அக்கா எழுதியது ஒரு வரிகூட இல்லாத முதல் இதழ். கட்டுரைகள் கேட்டு நான் எழுதாத ஆள் இல்லை, விரல் தேய்ந்துவிட்டது. அப்படியும் மெலிந்துதான் இருக்கிறது. அத்தான் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, “டயட்ல இருக்கா?” என்றார்.

அக்கா அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூடி வைத்துவிட்டு, “அந்த நர்ஸ் எழுதினது நல்லா இருக்கு குட்டி. நான் இருந்திருந்தா இடமில்லைன்னு அடுத்த இதழுக்குத் தள்ளியிருப்பேன்” என்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

இன்றைய நாளைப் பத்திரமாக எழுதி வைக்க வேண்டும்.

அக்கா சாப்பாட்டு மேஜைக்கு வந்து, “சரி, நூலகத்தக் காட்டு” என்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அந்தப் பெரிய தரவுத்தளத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் ‘செருப்பு’ என்று அடித்தாள். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது. ஓட்டப்பந்தய வீரர்கள், குதிகால் வலி, குதிரை லாடம்கூட.

“இதுக்குத்தான் என்னை நூலகத்துக்குப் போகச் சொன்னானா அந்த ஆளு?”

“அப்படித் தேடக் கூடாதுக்கா. எழுதினவங்க ஆளுக்கொரு வார்த்தை எழுதுவாங்க. ஒருத்தர் செருப்புன்னு எழுதுவார், இன்னொருத்தர் காலணி, இன்னொருத்தர் மிதியடி. படிச்சுப் பாத்து எல்லாத்தையும் ஒரே தலைப்புக்குக் கீழ கொண்டு வந்து வச்சிருக்காங்க பாரு, அந்தத் தலைப்ப வச்சுத் தேடணும்.” எடுத்துக் காட்டினேன். காலணி என்ற தலைப்பு, சர்க்கரை நோய்ப் பாதம் என்ற தலைப்பு, வீட்டு வாழ்க்கை என்று இன்னொன்று. மூன்றும் சந்திக்கிற இடம். வலை சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிற்று.

அதில் ஒன்றில் அக்காவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

ஏதோ ஒரு குளிர் நாட்டில், இருபது வருஷத்துக்கு முன், யாரோ ஒரு மருத்துவர். நோயாளிகள் விசேஷக் காலணியை வீட்டுக்குள் கழற்றி விடுகிறார்கள், புண் அங்கேதான் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறார். அக்காவின் கண்டுபிடிப்பு, அப்படியே. அச்சாகி வெளிவந்து, அடுக்கி வைக்கப்பட்டு, இவளுக்காக இருபது வருஷம் காத்திருந்திருக்கிறது.

போச்சு, இனி இந்தக் கட்டுரையைத் தூக்கிப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ திரையை நோக்கிக் குனிந்து, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தாள்.

“குட்டி.”

“என்னக்கா?”

“நான் ஒருத்திதான்னு நினைச்சிட்டிருந்தேன்.” குரல் ஒரு மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறாள். “இத்தனை வருஷமா கத்திட்டிருக்கேன், யாரும் காதுல வாங்கலையேன்னு. இங்க பாரு, இவரு வீடு வீடாப் போய்ப் பாத்திருக்கார். சமையலறையில எத்தனை தடவை நடக்கறாங்கன்னு எண்ணியிருக்கார். எனக்கு இது தோணவே இல்லையே.”

“எந்தப் பத்திரிகைன்னு பாரு” என்றேன்.

பார்த்தாள். இருவருமே கேள்விப்படாத பெயர். அந்த மருத்துவமனையே நடத்துகிற சின்ன இதழ். நம்மை மாதிரி.

“தரவுத்தளத்துல இல்லாம இருந்திருந்தா?” என்றாள் மெதுவாக.

மணிக்கணக்கில் நின்று அறுவை சிகிச்சை செய்கிறவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது.

சாப்பிட மறந்துபோனோம். அத்தான் முட்டை பொரித்து ரொட்டியோடு கொண்டுவந்து வைத்தார், ஓரம் கொஞ்சம் கருகலாக. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி நீட்டிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

கறாரிடமிருந்து: ஏற்கப்பட்டது. அக்கா, பழைய நோயாளிக் குறிப்புகளையெல்லாம் தோண்டி எடுத்து, செருப்பு வாங்காதவர்களோடு ஒப்பிட்டு, மொத்தத்தையும் திருப்பி எழுதிவிட்டாள். இரண்டாவது மதிப்பீட்டாளர் இந்தத் தடவை ஒரே வரி எழுதியிருக்கிறார். “இப்போது இதை என் மாணவர்களுக்குக் கொடுப்பேன்.”

“யாரு இவரு?” என்றாள் அக்கா. ‘இவன்’ போய் ‘இவர்’ வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

இதழ் வந்தது. அக்காவின் கட்டுரைக்கு அடியில் சின்ன எழுத்தில்: பெறப்பட்டது, திருத்தப்பட்டது, ஏற்கப்பட்டது — மூன்று தேதிகள். ஆசிரியரின் கட்டுரை என்பதால் துணை ஆசிரியர் பொறுப்பில் வெளியாட்களால் மதிப்பிடப்பட்டது என்றும் ஒரு வரி. அக்கா கட்டுரையைப் படிக்கவில்லை. அந்தத் தேதிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “சம்பாதிச்சது” என்றாள்.

மத்தியானம் இரண்டு இதழ்களையும் தரவுத்தளத்துக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

அக்கா ஆசிரியர் பொறுப்பை விடுகிறாளாம்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஏதோ சர்க்கரை போதவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “கறார் பாத்துக்கட்டும். நான் பேசிட்டேன். அவரும் சரின்னுட்டார்.”

“கோவமாக்கா? இன்னும்?”

“கோவம் என்ன கோவம். யோசிச்சுப் பாரு. ஆசிரியரா இருந்தா மனசுபோல எழுத முடியாது. எழுதணும்னா ஆசிரியரா இருக்க முடியாது. ரெண்டுல எனக்கு எது பிடிக்கும்னு இந்த வருஷம்தான் தெரிஞ்சுது. எனக்கு எழுதத்தான் பிடிக்கும் குட்டி. அந்த ஆளு பக்கம் பக்கமாத் திட்டினாரே, அந்த நாலு மாசம் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததே இல்ல.”

“அப்ப பத்திரிகை?”

“அது சொந்தக் கால்ல நிக்கும். நீ இருக்கியே.”

அவளுக்குச் சரி. எனக்கு? இந்த முன்னறையில ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே எத்தனை இதழ் கொண்டு வந்திருக்கோம். இனிமே யாரோட சண்டை போடறது — கறாரோட சண்டை போட முடியுமா? அந்த மனுஷனுக்குக் கோவமே வராது, காற்புள்ளிதான் வரும். சொல்லிவிட்டுக் கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். முழுப் பாதம் வைத்து, பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு. அவள் அவ்வளவு லேசாக ஏறியதைக் கேட்டபிறகு எனக்கு அழுகை வரவில்லை. கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

கறாரின் முதல் மின்னஞ்சல், முதன்மை ஆசிரியராக. என் பதவிப் பெயரில் ஓர் ஒற்றுப் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். எத்தனையோ வருஷமாக அட்டையின் உட்புறம் அச்சாகிக்கொண்டிருந்த பிழை. அக்காவிடம் காட்டினேன். “நல்ல கைக்குத்தான் போயிருக்கு” என்றாள் நிம்மதியாக.

ஜனவரி 27, செவ்வாய்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இனி வரும் இதழ்களோடு, அனுப்பிய அந்த இரண்டு இதழ்களும் சேர்த்து அட்டவணைப்படுத்தப்படும்.

படித்ததும் எழுந்து மாடிக்கு ஓடினேன். அக்கா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தொழில் புத்தி, கண் நேராகக் கீழேதான் போயிற்று.

“வெறுங்காலோட நடக்காதேன்னு ஊருக்கெல்லாம் எழுதறேன். என் வீட்டுலயே —”

“எடுத்துக்கிட்டாங்கக்கா.”

“செருப்பையா?”

“பத்திரிகைய.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். பிறகு உள்ளே திரும்பி, “என்னங்க” என்று கூப்பிட்டாள். அந்த ‘என்னங்க’வில் என்ன இருந்ததோ, அத்தான் முழங்காலை மறந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், “அப்ப இனிமே உலகம் பூரா நம்ம கால் பிடிக்கப் போகுது” என்றார். பல நாளாகத் தயார் செய்து வைத்திருந்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டுச் செருப்பு ஒரு ஜோடியை என் காலில் மாட்டிவிட்டுத்தான் கீழே இறங்க விட்டாள்.

கறாருக்குப் போன் செய்தேன். “ரொம்ப சந்தோஷம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்” என்று வைத்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

இன்று தரவுத்தளத்தில் எங்கள் கட்டுரைகள் ஏறிவிட்டன. அக்காவைக் கூப்பிட்டுத் தேடிக் காட்டினேன். அவள் பெயர், கட்டுரையின் பெயர், சுருக்கம். அதற்குக் கீழே தலைப்புகள்.

ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். காலணி. சர்க்கரை நோய்ப் பாதம். புண் ஆறுதல். முதியோர். நோய் திரும்பி வருதல். அதுவரை சாதாரணமாகப் படித்துக்கொண்டு வந்தவள் கடைசித் தலைப்பில் நிறுத்தினாள். தனிமையில் வசிப்போர்.

“இது எப்படி இங்க வந்துது?”

எனக்கும் புரியவில்லை. கட்டுரையைத் திறந்து தேடினோம். உள்ளே ஓரிடத்தில் அக்கா ஒரே ஒரு பத்தி எழுதியிருக்கிறாள். தனியாக வசிப்பவர்கள்தான் வீட்டுச் செருப்பை ஒழுங்காகப் போடுகிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் வெட்கப்பட்டுக் கழற்றிவிடுகிறார்கள், வீட்டிலிருப்பவர்கள் நோயாளி என்று பார்ப்பார்களே என்று. சுருக்கத்தில் அது இல்லை. மதிப்பீட்டாளர்கள்கூட அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானே மறந்திருந்தேன்.

“யாரோ முழுசாப் படிச்சிருக்காங்க குட்டி” என்றாள் அக்கா. “எங்கயோ உக்காந்து. என்னை யாருன்னே தெரியாம.”

எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தாள். “அந்தப் பத்தியத் தனியா எடுத்து ஒரு கட்டுரையாவே எழுதலாம் போலிருக்கே” என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான், காலை முழுக்க மாடியிலிருந்து தட்டச்சு சத்தம்.

ஏப்ரல் 23, வியாழன்

ஜூன் இதழுக்குக் கட்டுரைகள் குவிகின்றன. இதழில் இடமில்லை என்று நான் எழுதுவேன் என்று யார் நினைத்தார்கள். மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். புது நாற்காலி வந்தது. முதுகுக்கு நன்றாக இருக்கிறது.

காலையில் ஐந்து கட்டுரைகளைத் திருத்தக் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அவற்றில் அக்காவுடையதும் ஒன்று. கறாரின் குறிப்பு: யோசனை புதிது, நோயாளிகள் எண்ணிக்கை போதாது. எல்லாருக்கும் எழுதுகிற கடிதத்தைத்தான் அவளுக்கும் எழுதினேன்.

சாயங்காலம் டீ நேரத்துக்கு இறங்கி வந்தாள். புது நாற்காலியில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்தாள்.

“அந்தக் கால் பத்திரிகைக்கு ஒண்ணு அனுப்பியிருந்தேன். திருப்பிட்டாங்க” என்றாள்.

“அப்படியா?”

“ம். ஆனா அந்தம்மா ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க.”

“எந்தம்மா?”

“நிர்வாக ஆசிரியர்” என்றாள் அக்கா. பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே, “பாத்தா சொல்லு. அடுத்த மாசம் திருத்தி அனுப்பிடறேன்னு.”